‘அன்ஸ்கில்டு’: ஒரு தோல் தொழிலாளியின் சாவும் சில கேள்விகளும்

எங்க நைனா போன வருஷம் ஐப்பசியில் செத்துப்போனார். ஆம்பூர்ப் பக்கம் ஒரு டேனரியில் 1969-லிருந்து 2008 வரைக்கும், 39 வருஷம், தோலோடு கிடந்த மனுஷன். காலனியில் நடந்த படத்திறப்புக்கு இரண்டு பக்கத்துத் தோழர்களும் வந்திருந்தார்கள். சங்கத்துத் தோழர் பேசும்போது உழைப்புக்கு இலக்கணம் என்றார், ஒருநாள்கூட லீவு போடாதவர் என்றார், தொழிலாளிக்குச் சாதி கிடையாது என்பதற்கு இவரே சாட்சி என்றார். நம் இயக்கத்துத் தோழர் பேசும்போது, இழிதொழிலில் தன்னை எரித்துக்கொண்டு பிள்ளைகளை அதிலிருந்து கரையேற்றியவர் என்றார். இரண்டு பேரும் மனசாரத்தான் பேசினார்கள். சங்கத்துத் தோழருக்குக் கண் கலங்கிவிட்டது. அதைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் அந்த இரண்டு பேச்சிலும் எங்க நைனா இருந்தாரா என்பதுதான் கேள்வி.

லீவு போடாதவர் என்பதை முதலில் எடுத்துக்கொள்வோம். தினக்கூலிக்காரனுக்கு லீவு என்று ஒன்று எங்கே இருக்கிறது? போகாத நாள் கூலி இல்லாத நாள், அவ்வளவுதான். காய்ச்சலோடு சுண்ணாம்புக் குழியில் இறங்கியதற்கு அர்ப்பணிப்பு என்று நாமே பேர் வைத்துக் கொடுத்தால் முதலாளிக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? உழைப்பைப் புகழ்வது சுலபம். அந்த உழைப்பு என்ன, எந்தக் குழியில், யார் கையால், என்ன கூலிக்கு என்று கேட்பதுதான் கஷ்டம்.

நைனா செய்த வேலையை எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன். உப்புப் போட்டு வரும் பச்சைத்தோலை ஊறவைத்து அலசி, சுண்ணாம்பும் சல்பைடும் கலந்த தண்ணீரில் போட வேண்டும். மயிர் கழன்று வரணும், ஆனால் தோலின் மேல்முகம் கெடக்கூடாது. இதற்குக் கடிகாரம் பார்த்து மட்டும் பிரயோஜனம் இல்லை. வெயில் காலத்தில் ஒரு கணக்கு, மார்கழிப் பனியில் ஒரு கணக்கு. ஆட்டுத்தோலுக்கு ஒன்று, மாட்டுத்தோலுக்கு ஒன்று. மாட்டிலும் கிழடா கன்றா என்று பார்க்க வேண்டும். நைனா குழியோரம் குந்தி, ஒரு தோலை இழுத்து, கட்டைவிரலால் மயிரைத் தள்ளிப் பார்ப்பார். “இன்னும் ஆவல, வுடு” என்பார். இல்லாட்டி, “தூக்கு” என்பார். அந்த ஒரு சொல்லில் ஒரு லோடு சரக்கின் விலை இருந்தது. கூடுதலாகக் கிடந்துவிட்டால் மேல்முகம் தளர்ந்து சரக்கு நாசம்.

அப்புறம் சுண்ணாம்பை இறக்கி, மருந்து போட்டுத் தோலைப் பதமாக்கும் கட்டம். அங்கேயும் கட்டைவிரல்தான். அழுத்தி எடுத்தால் விரலின் தடம் தோலில் அப்படியே நிற்க வேண்டும். நின்றால் பதம் சரி. உடனே மேலெழும்பிவிட்டால் இன்னும் நேரம் வேண்டும். கடைசியில் குரோம் டிரம்மிலிருந்து எடுத்ததும், தடியான இடத்தில் ஒரு துண்டு வெட்டி, உள்ளே நடுவரைக்கும் நீலம் ஏறியிருக்கிறதா என்று பார்த்து, கொதிக்கிற தண்ணீரில் போடுவார். சுருங்காமல் கிடந்தால் தோல் ஆகிவிட்டது என்று அர்த்தம்.

இந்தச் சோதனைகள் தோல் தொழில்நுட்பப் பாடப்புத்தகங்களில் இருக்கின்றன. கட்டைவிரல் தடம்கூட இருக்கிறது. சென்னை அடையாறில் 1948-லிருந்து மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. தோல் தொழில்நுட்பம் படித்துவிட்டு வந்தவர் டெக்னீஷியன். நைனாவின் கம்பெனியிலும் ஒருவர் இருந்தார். சின்ன வயசு, நல்ல பையன் என்று நைனாவே சொல்வார். அவர் பேப்பரில் எத்தனை சதவீதம் என்ன போட வேண்டும் என்று எழுதிக் கொடுப்பார். எழுதிக் கொடுத்துவிட்டு, “பெரியவரே, கைய வெச்சு ஒரு தபா பாத்துடுங்க” என்பார். அவருக்கு அது தெரிந்திருந்தது. ஆபீசுக்குத் தெரியவில்லை. நைனாவின் சம்பளச் சீட்டில் கடைசிவரை ஒரே சொல்தான்: அன்ஸ்கில்டு. கைத்திறன் இல்லாதவர்.

இது எழுத்தர் செய்த பிழை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1948-இல் வந்தபோதே அதன் அட்டவணையில் தோல் பதனிடும் தொழில் இருந்தது. திறனுள்ளவர், ஓரளவு திறனுள்ளவர், திறனற்றவர் என்று பிரித்துத்தான் கூலி. யாரை எதில் சேர்ப்பது என்பதை வேலை தீர்மானிக்கவில்லை, வேலை செய்கிறவன் எந்தத் தெருவிலிருந்து வருகிறான் என்பது தீர்மானித்தது. குழி, டிரம், சதை எடுக்கும் இடம், கழிவுத் தொட்டி இதெல்லாம் ஈர வேலை. அங்கே முழுக்க எங்க காலனி, பக்கத்துக் காலனி, அருந்ததியர் தெரு. தோல் காய்ந்து, நாற்றம் போய், சாயம் ஏறி, பளபளப்பு வந்து, அளவு மெஷினுக்குப் போகிறபோது அங்கே வேறு ஆட்கள் நின்றார்கள். பேக்கிங், ஸ்டோர், கணக்கு, ஏற்றுமதி டாக்குமெண்டு என்று போகப்போக எங்க தெருப் பேர் குறைந்துகொண்டே போகும். தோலிலிருந்து நாற்றம் கழியக் கழிய எங்களையும் கழித்துக்கொண்டே போனது அந்தக் கம்பெனி.

உடனே ஒரு கேள்வி வரும், வழக்கமாக வருவது: ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டில் முதலாளிகளில் பெரும்பாலோர் முஸ்லிம்கள்தானே, அங்கே எப்படிச் சாதி? இதைக் கேட்கிறவர்களில் பாதிப் பேருக்குச் சாதியைப் பற்றி அக்கறை கிடையாது, முஸ்லிம்மேல் பழி போட ஒரு வழி வேண்டும். அவர்களுக்கு நம் தோளைக் கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை. நைனாவோடு சேர்ந்து டிரம் உருட்டிய ஏழை முஸ்லிம்கள் இருந்தார்கள். எங்க வீட்டுச் சாவுக்கு வந்து நின்றார்கள். முதலாளி எந்த மதமாக இருந்தாலும், கம்பெனிக்குள் நுழையச் சாதிக்குக் கேட் பாஸ் தேவைப்படவில்லை. ஆள் சேர்ப்பது மேஸ்திரி, மேஸ்திரிக்கு ஊர்க் கணக்கு தெரியும். தோலைத் தொட்டால் தீட்டு என்று ஒதுங்கி நின்ற சாதி இந்துக்கள் சுண்ணாம்பு விற்றார்கள், லாரி விட்டார்கள், கெமிக்கல் ஏஜென்சி எடுத்தார்கள். பணத்துக்குத் தீட்டு ஒட்டாது போல.

1920-களில் பம்பாய் மில்களைப் பற்றி அண்ணல் அம்பேத்கர் இதைத்தான் பேசினார். அங்கே நெசவுப் பகுதியில் கூலி அதிகம். தீண்டத்தகாதவர்களை அதற்குள் விடவில்லை. அறுந்த நூலை வாயில் வைத்து ஈரப்படுத்தி முடிச்சுப் போட வேண்டும், எச்சில் தீட்டு என்பது காரணம். அதைச் சொன்னது முதலாளி இல்லை, கூட வேலை செய்த தொழிலாளி. 1938-இல் மன்மாடில் ரயில்வேத் தொழிலாளர்களிடம் பார்ப்பனியமும் முதலாளித்துவமும் இரண்டுமே எதிரி என்று அவர் பேசியதும் இந்த அனுபவத்திலிருந்துதான். அவர் வைஸ்ராய் கவுன்சிலில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த காலத்தில், 1946-இல், ஆலைகளுக்கு வாரம் 48 மணி நேர வேலை சட்டமானது. மே தினக் கூட்டங்களில் எட்டு மணி நேரத்தைப் பேசும் தோழர்கள் இந்த வரியை மட்டும் ஏன் எப்போதும் விழுங்கிவிடுகிறார்கள்? தொழிலாளிக்குச் சாதி கிடையாது என்று சொல்ல முடிந்தவர்கள், ஒரே கம்பெனிக்குள் குழி ஒரு சாதிக்கும் அளவு மெஷின் இன்னொரு சாதிக்கும் எப்படிப் போனது என்றும் சொல்லிவிட்டால் நல்லது.

இப்போது நம் பக்கத்துக்கு வருகிறேன். இழிதொழில் என்ற சொல் எனக்கு ஒப்பவில்லை. குலத்தொழில் என்ற சொல் இன்னும் ஒப்பவில்லை. எங்க தாத்தா தோல் வேலை செய்தவரில்லை. அவர் ஊர்க்காரர் நிலத்தில் படியாள். வருஷத்துக்கு இத்தனை மூட்டை கேழ்வரகு, வாங்கிய கடனுக்குப் பிள்ளையும் மாடு மேய்க்கணும். நைனா அந்த மாட்டை மேய்த்தவர். அங்கிருந்து ஒருநாள் கிளம்பிப் போய் டேனரியில் சேர்ந்தார். ஏன் என்று ஒருதடவை கேட்டபோது அவர் கூலியைப் பற்றிச் சொல்லவில்லை. “அங்க சட்ட போட்டுகினு போலாம்டா. துண்ட இடுப்புல கட்டச் சொல்ல ஒருத்தனும் இல்ல” என்றார். சனிக்கிழமை காசு கையில் விழும். அந்தக் காசோடு ஊர்த்தெரு வழியாக, செருப்புப் போட்டு, சைக்கிளில் வருவார். அதற்காக ஒருமுறை அடியும் வாங்கியிருக்கிறார்.

ஆக அந்தக் குழி, அவர் தேடிப் போன விடுதலையும்தான். நிலத்தடிமைத்தனத்திலிருந்து தப்பிக்க எங்க தெரு ஆட்களுக்குத் திறந்திருந்த ஒரே கதவு சுண்ணாம்பு நாற்றம் அடிக்கிற கதவாக இருந்தது. இன்னொரு கதவு இருந்திருந்தால் அதில் போயிருப்பார்கள். இதைக் குலத்தொழில் என்று சொன்னால் எப்படிப் பொருந்தும்? 1953-இல் ராஜாஜி பள்ளிப் பிள்ளைகளை அரைநாள் அப்பன் தொழிலைக் கற்கச் சொன்னார். 2023-இல் மத்திய அரசு விஸ்வகர்மா என்ற பெயரில், குரு சீடன் மரபு என்று சொல்லி, 18 தொழில்களுக்குத் திட்டம் கொண்டுவந்தது. செருப்புத் தைப்பதும் அந்தப் பதினெட்டில் ஒன்று. மரபு மரபு என்று பேசுகிறவன் நம்மை எங்கே நிறுத்துகிறான் என்பது புரிகிறது. அதற்குப் பதில் சொல்லப் போய், அந்த வேலையே கேவலம் என்று நாமும் சொல்லிவிட்டால், நைனாவின் கட்டைவிரலுக்குத் தெரிந்ததையெல்லாம் நாமே குழியில் தள்ளி மூடியதாகாதா? வேலையில் இழிவு எதுவும் இல்லை. அதை ஒரே தெருவின் தலையில் கட்டியதிலும், கட்டிவிட்டுக் கூலியைக் குறைத்ததிலும், குறைத்துவிட்டு உனக்கு ஒன்றும் தெரியாது என்று எழுதிவைத்ததிலும்தான் இழிவு இருக்கிறது. அது எங்களுடையது இல்லை.

நைனா சேர்ந்த காலத்தில் பெரும்பாலும் பட்டை வேலை. மரப்பட்டையும் கடுக்காயும் ஊறிய தண்ணீரில் நாள்கணக்காகத் தோல் கிடக்கும். 1970-களின் தொடக்கத்தில் அரைகுறையாகப் பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்வதை மத்திய அரசு கட்டுப்படுத்தியது. முழுசாக முடித்த தோலாக அனுப்பினால் அந்நியச் செலாவணி கூடும் என்பது கணக்கு. அதோடு பாலாற்றங்கரை முழுக்க குரோம் பரவியது. நாள்கணக்கில் ஆனது மணிக்கணக்கில் முடிந்தது. “பட்ட வேலைல கை கறுக்கும், குரோம் வேலைல கை வெந்து பூடும்” என்பது நைனாவின் ஒப்பீடு. கையுறை வருஷத்துக்கு ஒரு ஜோடி வரும், ரெண்டு மாசத்தில் கிழியும். அதைப் போட்டால் தோலின் பதம் தெரியாது என்பதால் பாதி நேரம் கழற்றித்தான் வைப்பார்கள். விரல் கணுக்களில் சின்னச் சின்னக் குழிப்புண். ஆறினால் பக்கத்தில் இன்னொன்று. சுண்ணாம்பா, சல்பைடா, குரோமா என்று எந்த டாக்டரும் எழுதிக் கொடுத்ததில்லை. சொறி என்று களிம்பு கொடுத்தார்கள்.

இங்கேதான் மாணவத் தோழர்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும். நைனா வேலை செய்த காலம் முழுக்க நடப்பில் இருந்தது 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம். அதன் மூன்றாம் அட்டவணையில், அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய தொழில்நோய்களின் பட்டியல் இருந்தது. குரோமியத்தால் வரும் புண்ணும் அதில் உண்டு, ஆந்த்ராக்ஸும் உண்டு. பார்த்த டாக்டர் தலைமை ஆய்வாளருக்கு எழுத வேண்டும் என்று 89-ஆம் பிரிவு சொன்னது. 39 வருஷத்தில் எங்க தெருவிலிருந்து அப்படி ஒரு கடிதம் போனதாக யாருக்கும் தெரியாது. சட்டம் இருந்தது, புண் இருந்தது. இரண்டையும் சேர்த்து வைக்க ஒரு கையெழுத்து வரவில்லை. ரேஷன் கடையில் கைரேகை மெஷின் வந்தபோது நைனாவின் விரலை அது ஏற்கவே இல்லை. ரேகை தேய்ந்துபோயிருந்தது. கடைக்காரர் நல்ல மனுஷன், அம்மாவைக் கூட்டிவரச் சொல்லி அரிசி கொடுத்தார். அந்த மெஷின் ஒன்றுதான் நைனாவின் தொழில்நோயைப் பதிவு செய்த ஒரே அரசாங்கக் கருவி என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

ஆற்றின் கதை எல்லோருக்கும் தெரியும். வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவனே செலவு ஏற்க வேண்டும் என்ற கோட்பாடு இந்த நாட்டுச் சட்டத்தில் காலூன்றியதில் இந்தத் தீர்ப்புக்குப் பெரிய பங்கு. சட்டக்கல்லூரியில் எங்கே போனாலும் இதைப் படிக்காமல் வெளியே வர முடியாது. நல்ல தீர்ப்பு, சந்தேகமில்லை. அதன்படி அமைந்த ஆணையம் 2001-இல் பாதிக்கப்பட்டவர்களுக்கான இழப்பீட்டைக் கணக்கிட்டது. கணக்கின் அடிப்படை விவசாயிகளின் கெட்டுப்போன நிலமும் கிணறும். நியாயம்தான், தென்னை கருகியதை நாங்களும் பார்த்தோம். ஆனால் எங்க காலனியில் பட்டா நிலம் வைத்திருந்தவர் ஒருவரும் இல்லை. அதே தண்ணீரில் இடுப்பளவு நின்றவனுக்குச் சர்வே நம்பர் கிடையாது. குரோம் மண்ணில் இறங்கினால் அதற்கு ஹெக்டேர் கணக்கு, மனுஷன் தோலில் இறங்கினால் அதற்கு எந்த அளவும் இல்லை. அப்போது கம்பெனிக்காரர்கள் எங்களைத்தான் வேனில் ஏற்றிப் போய்க் கலெக்டர் ஆபீஸ் முன்னால் நிறுத்தினார்கள், டேனரியை மூடாதே என்று கத்துவதற்கு. நைனாவும் போனார். ஒருநாள் கூலியும் சாப்பாட்டுப் பொட்டலமும். சுற்றுச்சூழல்காரர்கள் எங்களை முதலாளியின் ஆட்கள் என்று பார்த்தார்கள், முதலாளி எங்களைத் தன் கேடயம் என்று பார்த்தார். உனக்கு என்ன வேணும் என்று எங்களைக் கேட்க எந்தப் பக்கத்திலும் ஆள் இல்லை. நம் இயக்கமும் அன்றைக்கு அங்கே இல்லை, சொல்லித்தான் ஆகணும்.

2008 கடைசியில் வெளிநாட்டு ஆர்டர் குறைந்தது. ஈர வேலையைக் காண்டிராக்டுக்கு விட்டுவிட்டோம், நீங்க நின்னுக்கலாம் என்றார்கள். பணிக்கொடையை எண்ணிப் பார்த்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. ரெக்கார்டுப்படி நைனாவின் சர்வீஸ் 11 வருஷம். நடுநடுவே பெயரை நீக்கி நீக்கிச் சேர்த்திருக்கிறார்கள், கம்பெனியின் பெயரையும் ஒருமுறை மாற்றியிருக்கிறார்கள். மனுஷன் அதே குழியில், அதே கேட் வழியாகத்தான் போய் வந்தார். நாள் கூலி 150 ரூபாய், மாசம் 26 நாள். சட்டப்படி வருஷத்துக்கு 15 நாள் கூலி என்றால் 2,250. பதினோரு வருஷத்துக்கு 24,750 கொடுத்தார்கள். 39 வருஷத்துக்கு 87,750 வந்திருக்க வேண்டும். இடையில் உள்ள 63,000 ரூபாய், 28 வருஷத்துக்கு நைனா உயிரோடு இல்லை என்பதற்கு அவர்கள் போட்ட விலை. லேபர் கோர்ட்டுக்குப் போகலாம் என்றதற்கு, “நா அங்க இருந்தேன்னு எவன்டா சாட்சி சொல்வான், தோலா வந்து சொல்லும்?” என்று சிரித்தார்.

இப்போது அந்தக் குழிகளில் யார் நிற்கிறார்கள்? 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள்மீது சேறு பாய்ந்து 10 பேர் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்காளத்திலிருந்து வந்தவர்கள். எங்க தெருப் பசங்க படித்து வெளியே போனார்கள், கொஞ்சம் கூலி கேட்டார்கள், இன்னும் மலிவாக ஒருவனைக் கொண்டுவந்து நைனாவின் இடத்தில் நிறுத்திவிட்டார்கள். ஹிந்திக்காரன், வடக்கன் என்று நம்மாட்களே சொல்கிற இடத்தில் எனக்குக் கூசுகிறது. தூங்க இடமில்லாமல் கம்பெனிக்குள்ளேயே படுத்தவன் அவன். என் தங்கச்சி ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிறாள். அந்த லைன் முழுக்கப் பெண்கள். பாத்ரூம் போனால் மணி பார்க்கிறார்கள். அதையும் யாரும் திறன் என்று எழுதுவதாகத் தெரியவில்லை. அது தனியாக எழுத வேண்டியது, அவளே எழுதட்டும்.

நம் பத்திரிகைகளில் தியாகிகளைப் பற்றி எழுதுகிறோம், எழுதத்தான் வேண்டும். ஆனால் வெட்டுப்பட்டுச் செத்தால்தான் நம்மவனுக்கு வரலாறு என்று ஆகிவிடக்கூடாது. 39 வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொல்லப்பட்டவனுக்கும் ஒரு பக்கம் வேண்டும். சாவு வீட்டில் பேசுவதற்கு முன்னால், ஆள் உயிரோடு இருக்கும்போதே போய்க் கேளுங்கள். எந்த வருஷம் சேர்ந்தீர்கள், எந்தப் பகுதி, உங்கள் பக்கத்தில் நின்றவர் எந்தத் தெரு, மேஸ்திரி யார், கையில் என்ன வந்தது, சீட்டில் என்ன எழுதியிருந்தது, பதம் எப்படிப் பார்ப்பீர்கள். சம்பளச் சீட்டு, பி.எஃப். துண்டு, இ.எஸ்.ஐ. அட்டை, எது பரணில் கிடந்தாலும் நகல் எடுத்து வையுங்கள். லேபர் கோர்ட்டுக்கும் அது ஆகும், வரலாற்றுக்கும் ஆகும். எங்க தெருவில் நைனாவோடு குழியில் இறங்கியவர்களில் மூணு பேர் இன்னும் இருக்கிறார்கள். ஒருவருக்குக் காது கேட்காது. கிட்டக்க உட்கார்ந்து சத்தமாகக் கேட்டால் எல்லாம் சொல்லுவார்.